107 டாலர் ஷோஃப்ரெத்

பாண்டிச்சேரிக்காரனுக்கும் வண்டி ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் தலைக்கு ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டால் குளிர் தீர்ந்தது. ஆனால் என் மூத்த மகளும் மாப்பிள்ளையும் கனடாவில், கெபெக் மாகாணத்தில், மோந்ரேயாலுக்கு வடக்கே மலைப்பாங்கான ஒரு கிராமத்தில் குடியிருக்கிறார்கள். போன அக்டோபர் முதல் மார்ச் கடைசி வரை அவர்களோடு இருந்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு பழைய பிக்கப் வண்டியின் ஹீட்டர் படுத்துக்கொண்டது. அதை ஒட்டி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தைகளிலிருந்து எனக்கு ஒரு திடமான அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது. அதை எழுதி வைக்கிறேன்.

பழைய வண்டியில் ஹீட்டர் சூடு தரவில்லை என்றால், அதில் பெரிய பழுது இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செலவு பெரிதாவதெல்லாம், சூடு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்ப்பதற்கு முன்பே சாமான் வாங்க ஆரம்பிப்பதால்தான். இதுதான் என் கட்சி.

வண்டி 1972ஆம் வருடத்து செவர்லே சி-10. இந்த உருவத்தில் 1967 முதல் 1972 வரை வந்தது. இது அந்த வரிசையில் கடைசி வருடம். ஆறு சிலிண்டர், 250 கன அங்குலம், அதாவது 4.1 லிட்டர் இஞ்சின். கார்புரேட்டர். ஏ.சி. கிடையாது. முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட், பின்னால் திறந்த தொட்டி. மாப்பிள்ளை இதை ஓர் விவசாயக் குடும்பத்திடமிருந்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பெருமைக்கு வாங்கியதல்ல. அடுப்பு விறகு ஏற்றி வரவும், பனி விலகும் காலத்தில் மேப்பிள் மரத் தோப்புக்கு வாளியும் குழாயும் கொண்டுபோகவும் அது உழைக்கிறது. மேப்பிள் சாறு எப்போது இறங்கும் தெரியுமா? இரவில் உறைபனி, பகலில் சற்று இளக்கம், இப்படி மாறி மாறி வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில். ஆக, வண்டிக்கு வேலை இருக்கும் நாளெல்லாம் ஹீட்டருக்கும் வேலை இருக்கும் நாள்தான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் ‘ஷோஃப்ரெத்’ என்றால் உள்ளே கங்கு போட்டுப் பாட்டிமார்கள் காலடியில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. பழைய கதைகளில் வரும். கெபெக்கில் கார் ஹீட்டருக்கே அதுதான் பெயர். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் நாள் வந்து, “உங்கள் காமியோனில் ஷோஃப்ரெத் செத்துப்போச்சாமே?” என்று கேட்டபோது, வண்டிக்குள் கங்குப்பெட்டி எதற்கு என்று ஒரு நிமிடம் விழித்தேன். அவரும் என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். இரண்டாம் நாளே என்னை ‘த்யு’ போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். பாண்டிச்சேரியில் அறிமுகமில்லாதவரை ‘வூ’ என்றுதான் அழைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆனால் அந்த ஊரில் ‘நீ’ என்பது மரியாதைக் குறைவல்ல, வீட்டுக்குள் வா என்பதற்கு இன்னொரு பெயர். இந்த முசியேதான் நான் சொல்லப்போகிற வேலைக்கெல்லாம் ஸ்பேனர் பிடித்தவர். மாப்பிள்ளை கைகொடுத்தார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டும், டார்ச் பிடித்துக்கொண்டும் நின்றேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்த வேலை அதுதானே.

ஹீட்டர் இல்லாவிட்டால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டலாமே என்று நம் ஊரிலிருந்து கேட்பது சுலபம். சங்கதி குளிரில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து மூச்சு விட்டால் ஐந்து நிமிடத்தில் முன் கண்ணாடியின் உள்பக்கம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த ஈரம் அங்கேயே உறைந்து பனியாகிவிடும். சூடான உலர்ந்த காற்று கண்ணாடி மீது வீசினால்தான் அது விலகும். கெபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே தீர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் எதிரே வருவது தெரியாதவனுக்கு எந்த டயர் போட்டு என்ன? மாப்பிள்ளை நவம்பர் முழுவதும் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி வெளுக்காமல் இருக்க ஜன்னலையும் நான்கு விரல்கடை இறக்கி வைத்திருப்பார். மகள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்று ஹீட்டர், இல்லாவிட்டால் வண்டி விற்பனை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை டவுனில் ஒரு பட்டறையில் காட்டினார். அவர்கள் பானெட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. “ஹீட்டர் கோர் போயிருக்கும். டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். சாமானும் கூலியுமாக 1,400 டாலர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். “மாமா, வண்டியே நாலாயிரத்துக்குத்தான் வாங்கினேன்” என்று மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தார். நான் எடுத்துப் படித்தேன். கணக்கு இருந்தது, காரணம் இல்லை. காரணம் எழுதாமல் தொகை மட்டும் எழுதிவந்த எந்தக் காகிதத்தையும் என் முப்பத்தாறு வருட சர்வீஸில் மேலே அனுப்பியதில்லை. “இதுல ஏன்னு எங்கேயும் எழுதலையே மாப்ள” என்றேன்.

பட்டறைக்காரர்களை நான் திருடர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி. ஒரு பழைய வண்டியில் எங்கே கோளாறு என்று மூன்று நாள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் கடை வாடகை கட்ட முடியாது. அதனால் அதிகபட்சம் எவ்வளவு ஆகுமோ அதைச் சொல்லிவிடுகிறார்கள். நேரம் இருக்கிறவன்தான் காரணம் தேட முடியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு கிழவர்களிடம் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, நேரம் இருந்தது.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இஞ்சின் எரிக்கிற பெட்ரோலில் சக்கரத்தைச் சுழற்றப் போவது சிறு பங்கு. மீதியெல்லாம் சூடாகத்தான் வெளியேறுகிறது, கொஞ்சம் புகைக்குழாய் வழியாக, கொஞ்சம் இஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் தண்ணீர் வழியாக. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை ரப்பர் ஹோஸ் வழியாகக் கொண்டுவந்து, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டரில் ஓடவிடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் ஹீட்டர் கோர். பின்னாலிருந்து ஒரு விசிறி காற்றைத் தள்ளுகிறது. காற்று சூடாகி உள்ளே வருகிறது. குளிர்ந்த தண்ணீர் இன்னொரு ஹோஸ் வழியாக இஞ்சினுக்கே திரும்பிவிடுகிறது. வீணாகப் போகிற சூட்டை வழிமறித்து வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. தனி அடுப்பு இல்லை, தனி எரிபொருள் இல்லை. ஆகையால் கேட்க வேண்டிய கேள்விகளும் கொஞ்சம்தான். தண்ணீர் சூடாகிறதா? சூடான தண்ணீர் கோருக்குள் ஓடுகிறதா? அதன் மேல் காற்று படுகிறதா?

ஒரு பென்ஷன் ஃபைல் வரவில்லை என்று யாராவது வந்து நின்றால் நாங்கள் புதிதாக இன்னொரு ஃபைல் போடுவதில்லை. எந்த மேஜை வரை கையெழுத்து ஆகியிருக்கிறது என்று பார்ப்போம். அதே வேலைதான்.

முசியே முதலில் கேட்டது, ரேடியேட்டரில் கூலண்ட் இருக்கிறதா என்பதை. இஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருப்பதால் கூலண்ட் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். எங்கள் வண்டியில் அளவு சரியாக இருந்தது. நிறம் மட்டும் பழைய டீத்தூள் கொதித்த நிறம்.

பிறகு வண்டியை இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் கையால் தொட்டுப் பார்த்தார். காசில்லாத சோதனை. வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல. இரண்டும் நன்றாகச் சுட்டால் கோர் வழியாகத் தண்ணீர் ஓடுகிறது, குறை காற்றுப் பக்கம். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் இஞ்சினிலேயே தண்ணீர் சூடாகவில்லை. எங்களுக்கு அமைந்தது மூன்றாவது. டேஷ்போர்டில் இஞ்சின் சூடு காட்டும் முள்ளும் எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நாள் அந்த முள் கெட்டுவிட்டது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இஞ்சின் சூடாகாமல் போவதற்கு முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு. உள்ளே மெழுகு வைத்திருப்பார்கள். மெழுகு உருகி உப்பும்போது வால்வு திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அதுவரை தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால், உறைபனிக் காற்றில் ரேடியேட்டர் முழுநேரமும் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்தோம். எடுத்ததும் நான் செய்தது என் பழக்கத்துப்படி, அதில் முத்திரை என்ன என்று பார்த்தது. துருவைத் துடைத்தால் ‘160’ என்று இருந்தது. 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ். முசியே சிரித்தார். இந்த வண்டிக்குத் தொழிற்சாலை வைத்தது 195, அதாவது 90 டிகிரி.

பழைய சொந்தக்காரர் யாரோ, இஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு ஆயுள் அதிகம் என்று நம்பி மாற்றியிருக்கிறார். இந்த நம்பிக்கை நம் ஊர் அம்பாஸடர் காலத்திலும் உண்டு. தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் குளிர்ந்தே ஓடும் இஞ்சினில் ஆயிலுக்குள் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம். அந்த 160ஐ ஒரு பழைய தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துச் சோதித்தோம். சமையல் பாத்திரம் எதையும் தரமாட்டேன் என்று மகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கூலண்டில் இருக்கிற எதிலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும்தான். டப்பாவில் சூடு எழுபதைத் தாண்டியதும் அது ஒழுங்காகத் திறந்தது. அதாவது பழுதே இல்லை! தப்பான இடத்தில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

புதிய 195 தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் 21 டாலர். ஸ்பிரிங் இருக்கிற பக்கம் இஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். பழைய கேஸ்கட் துணுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டினார் முசியே. முள் முதல் முறையாக நடுவுக்கு வந்தது. மாப்பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். பிறகு மறுபடியும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தோம். இப்போது ஒன்று சுடுகிறது, மற்றது வெதுவெதுப்பு. அதாவது ஃபைல் அடுத்த மேஜைக்கு நகர்ந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் கேட்லாக் வியாதிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். இந்த வண்டிக்கு ஐம்பது வருடம் கழித்தும் எல்லாச் சாமானும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹீட்டர் பெட்டி முழுசாக, கோர், மோட்டார், கம்பிகள் எல்லாம் சேர்த்து ஒரு செட். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர், செட்டாக வாங்கிப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று படம் காட்டினார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை என்று எனக்குப் பட்டது. முழு செட்டையும் முதல் நாளே வாங்கியிருந்தால், அந்த 160 தெர்மோஸ்டாட் உள்ளேயே இருந்திருக்கும். புத்தம்புது ஹீட்டரும் வெதுவெதுப்பாகத்தான் ஊதியிருக்கும்.

அடைத்த கோரைக் கழுவலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. இரண்டு ஹோஸையும் இஞ்சின் பக்கத்தில் கழற்றி, தோட்டத்து ரப்பர் குழாயை மாட்டி முழு வேகத்தில் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. பித்தளைத் தகட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்த ஐம்பது வருடத்துக் கோர் அது. வண்டியில் அது தாங்க வேண்டிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டுக்கு மேல் போகாது. ஊர்க் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. முழுசாகத் திறந்தால் அடைப்போடு பற்றவைப்பும் சேர்ந்து வந்துவிடும். முசியே குழாயைப் பாதிகூடத் திறக்கவில்லை. முதலில் தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து தலைகீழாக விட்டார். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்றார். வாளியில் விழுந்தது தண்ணீரல்ல, செம்மண் குட்டை. நடுநடுவே வெளிர்நிறத்தில் பிசின் மாதிரி துணுக்குகள். ரேடியேட்டர் ஒழுக்கை நிறுத்தவென்று ஒரு பொடி விற்கிறார்கள், பத்து டாலருக்குக் கீழே. யாரோ அதைக் கொட்டியிருக்கிறார்கள். ஒழுகும் ஓட்டை எது, தண்ணீர் போகும் குறுகிய துவாரம் எது என்று அந்தப் பொடிக்குத் தெரியாது. மலிவு மருந்து எல்லாவற்றுக்கும் நான் கட்சி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அமிலம் ஊற்றிக் கழுவுகிற யோசனையும் வந்தது. பழைய ஈயப் பற்றவைப்பை நம்பி அதைச் செய்ய முசியே ஒப்பவில்லை. மூன்று சனிக்கிழமைகளில் ஒன்று முழுக்க இதற்கே போயிற்று. முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி விட்டு, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது.

கோரில் ஒழுக்கு இருந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு. பயணி பக்கத்துக் கால்மிதி நனைந்திருந்தாலோ, வண்டிக்குள் தித்திப்பான வாடை வந்தாலோ, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்தாலோ கோர் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது பழைய பித்தளைக் கோரை ரேடியேட்டர் கடையில் பற்றவைக்கக் கொடுக்கலாம், அல்லது புதிது வாங்கலாம். அப்போதும்கூட இந்த மாடலில் டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. குளோவ் பாக்ஸைக் கழற்றி, இஞ்சின் பக்கத்திலிருந்து நட்டுகளை எடுத்தால் பெட்டி கீழே இறங்கிவிடும் என்று முசியே காட்டினார். சிலர் இரண்டு ஹோஸையும் ஒன்றோடு ஒன்று இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடுகிறார்கள். கோடைக்கு அது சரி. குளிர்காலத்துக்கு அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்வது, வழக்கை ஒத்திவைத்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று சொல்வதைப் போல.

கூலண்டை மறுபடி நிரப்பும்போது பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். அந்தக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைப்போம். தண்ணீர் கலக்காத சுத்த கிளைக்கால் மைனஸ் 13லேயே உறைந்துவிடும் என்பது எனக்குப் புதுச் செய்தி. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஆறிய இஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே மாட்டிய காற்றுக் குமிழி வெளியேறும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். குமிழி ஒன்று கோரில் தங்கிவிட்டாலும் சூடு வராது. பழைய கூலண்டை டப்பாவில் அடைத்து ஊராட்சியின் எகோசாந்த்ரில் கொண்டுபோய்க் கொடுத்தார் மாப்பிள்ளை. அங்கே கழிவுப் பொருள்களை வகை பிரித்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது இரண்டு ஹோஸும் சுட்டன. ஆனாலும் உள்ளே வருகிற காற்று ‘பரவாயில்லை’ ரகம்தான். குறை காற்றுப் பக்கம். பெட்டியைத் திறந்தால் எலி ஒன்று சீட்டுப் பஞ்சை இழுத்து வந்து சம்சாரம் நடத்தியிருக்கிறது. அதை அள்ளினோம். முகமூடியும் கையுறையும் அவசியம். எலிப்புழுக்கைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உள்ளே குளிர்க்காற்றையும் சூடான காற்றையும் பிரிக்கிற ஒரு தகட்டுக் கதவு இருக்கிறது. அதன் ஓரத்து ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. நாம் தள்ளுகிற கைப்பிடியிலிருந்து அந்தக் கதவுக்குப் போகிற கம்பியும் அதன் பிடிப்பிலிருந்து நழுவியிருந்தது. கைப்பிடி கடைசி வரை போனாலும் கதவு முக்கால்வாசிதான் மூடும். மிச்ச வழியில் வெளிக்குளிர் நேராக உள்ளே. ஜன்னலுக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்சுப் பட்டை 6 டாலர். கம்பியை இழுத்துப் பிடிப்பில் மாட்டியதற்குச் செலவு இல்லை. விசிறி மோட்டாரின் எர்த் ஒயர் துருவைச் சுரண்டியதில் அதுவும் வேகம் எடுத்தது.

மொத்தக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. தெர்மோஸ்டாட், கேஸ்கட் 21, ஹோஸ் 19, நான்கு கிளாம்ப் 8, கூலண்ட் இரண்டு கேன் 46, வடிகட்டிய தண்ணீர் 7, ஸ்பாஞ்சு 6. ஆக 107 டாலர். ஹோஸும் கிளாம்ப்பும் பழையவையே போதும் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். முசியே ஒரு ஹோஸை மடித்துக் காட்டினார், உள்ளே வெடிப்பு தெரிந்தது. நடுக்காட்டில் அது கிழிந்தால் இஞ்சினும் போய்விடும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் என்று சில உண்டு.

இன்னொரு செலவும் நான் வற்புறுத்திச் செய்ய வைத்தேன். அதை 107இல் சேர்க்கவில்லை. ஹீட்டர் இல்லாத நாளில் மாப்பிள்ளை ஜன்னலை இறக்கி வைத்து ஓட்டினார் என்றேனே. ஹீட்டர் வந்ததும் ஜன்னலை மூடிவிடுவார். ஐம்பது வருடத்து வண்டியில் புகைக்குழாயின் மூட்டுகளில் கசிவு இருக்கலாம், இஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற தகட்டில் பழைய ஒயர் போன ஓட்டைகள் இருக்கலாம். இத்தனை நாள் திறந்த ஜன்னல் காப்பாற்றியிருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் முசியே புகைக்குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். மேனிஃபோல்டை ஒட்டிய கேஸ்கட்டில் கருப்புக் கறை இருந்தது. அதை மாற்றினோம். தகட்டு ஓட்டைகளுக்கு ரப்பர் அடைப்பான் போட்டோம். வண்டிகளில் வைக்கவென்றே விற்கிற ஒரு சின்ன எச்சரிக்கை மணியும் வாங்கி மாட்டினார் மாப்பிள்ளை. “மாமா, ஹீட்டரைவிட இதுக்குத்தான் நீங்க அதிகம் பேசறீங்க” என்றார். ஆமாம், மகளும் அந்த வண்டியில்தானே உட்காருகிறாள்.

அதே காரணத்தால்தான் நண்பர் சொன்ன இன்னொரு மலிவு யோசனைக்கு நான் பிடிவாதமாக மறுப்புச் சொன்னேன். கூடாரத்தில் வைக்கிற சின்ன கேஸ் அடுப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது. நான் படித்த பாடத்து ஷோஃப்ரெத் கதைதான். மூடிய வண்டிக்குள் நெருப்பு எரிந்தால் பிராணவாயு குறையும், விஷவாயு சேரும். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும், அதனால் கண்ணாடி இன்னும் வெளுக்கும். எதற்காக ஹீட்டர் வேண்டும் என்றோமோ அதற்கே விரோதம். சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகுகிற மின்சார ஹீட்டரோ நூற்றைம்பது வாட் சொச்சம்தான் தரும். பழைய பெரிய பல்பு ஒன்றரை. வண்டியின் சொந்த ஹீட்டர் தருவது பல ஆயிரம் வாட். பொம்மை வாங்கிய காசு.

டிசம்பர் இரண்டாம் வாரம் மைனஸ் 14இல் விறகு ஏற்றி வந்தார்கள். பத்து நிமிடத்தில் கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து அரைவட்டமாக விலக ஆரம்பித்து, கிராமத்துச் சர்ச் வருவதற்குள் முழுக்கத் தெளிந்துவிட்டதாம். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டார் மாப்பிள்ளை. சாலையில் கொட்டுகிற உப்பு அடித்தட்டைத் தின்றுவிடும், அதற்கு நூறு டாலரில் வைத்தியம் கிடையாது. மார்ச்சில் நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் மேப்பிள் தோப்புக்கு அதில்தான் போனோம். முசியே நடுவில், நான் ஜன்னல் பக்கம். வலப்பக்கக் கதவின் ரப்பர் தேய்ந்து, என் முழங்கையில் சில்லென்று காற்று குத்திக்கொண்டே இருந்தது. அந்த ரப்பரும் கேட்லாக்கில் இருக்கிறது, இடது வலது இரண்டுமாகத்தான் விற்பார்களாம். இடப்பக்கத்து ரப்பர் நன்றாக இருக்கிறதே என்று நான் கேட்டிருக்கிறேன். ஒற்றையாகக் கிடைக்குமா என்று முசியே தேடிக்கொண்டிருக்கிறார்.